நின்றதும் நின்றுபோனதும்

தில்லிக்குச் சுற்றுலா போகும் நாம் ஒரே நாளில் ஏழெட்டு இடங்களைப் பார்த்துவிடத் துடிக்கிறோம். அதில் குதுப் மினாருக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அண்ணாந்து பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், அதற்குள் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். ஓடி வந்துவிடுகிறோம்.

அடுத்த முறை அரை நாள் ஒதுக்குங்கள். அந்த வளாகத்தில் பார்க்க மூன்று உண்டு: நின்றது ஒன்று, நின்றுபோனது ஒன்று, இறக்கி வைத்தது ஒன்று.

நின்றது குதுப் மினார். உயரம் ஏறத்தாழ 73 மீட்டர். தில்லி சுல்தான் குத்புதீன் ஐபக் தொடங்கியதை அவருடைய மருமகன் இல்துமிஷ் உயர்த்தினார். 1369இல் இடி விழுந்து உச்சி சிதைந்தது. பிரோஸ் ஷா துக்ளக் செப்பனிட்டார். கீழே செங்கல்நிறக் கல், மேல் அடுக்குகளில் வெள்ளைப் பளிங்கு. எங்கே கை மாறியது என்று நிறமே சொல்லிவிடும். உள்ளே 379 படிகள். 1981இல் நெரிசலில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு யாரும் ஏற முடியாது.

நின்றுபோனது அலாய் மினார். குதுப் மினாரைப்போல் இரு மடங்கு உயரம் வேண்டும் என்று ஆசைப்பட்டார் சுல்தான் அலாவுதீன் கில்ஜி. 1316இல் அவர் மறைந்தார். ஏறத்தாழ 25 மீட்டரோடு வேலையும் நின்றது. பூச்சில்லாத அந்தக் கற்குவியலில்தான் கட்டுமானத்தின் உள்வேலை தெரியும்.

இறக்கி வைத்தது ஒரு மண்டபம். 1803 நிலநடுக்கத்தில் மினாரின் உச்சிக் குவிமாடம் விழுந்தது. ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் புதிதாக ஒன்றைக் கட்டி ஏற்றினார். பொருந்தவே இல்லை. 1848இல் இறக்கிவிட்டார்கள். இன்று புல்வெளியில், தப்பான வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் இருக்கிறது.

இனி அதே வளாகத்தில் உள்ள பள்ளிவாசலின் முற்றத்துக்கு வாருங்கள். 27 கோயில்களின் கற்கள் இங்கே வந்தன என்று கல்வெட்டே சொல்கிறது. தூண்களை உற்றுப் பாருங்கள்: சங்கிலியில் தொங்கும் மணிகள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கும். நடுவே சுமார் 1600 வயதான இரும்புத் தூண். இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேலே மெல்லிய படலம் படிந்து, துரு ஆழமாக இறங்காமல் காக்கிறது. முன்பெல்லாம் தூணுக்கு முதுகு காட்டி, கைகளைப் பின்னால் கோத்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். இப்போது சுற்றிலும் வேலி.

கிளம்புமுன் பக்கத்திலேயே மெஹ்ரோலியில் உள்ள யோகமாயா கோயிலுக்கும் போங்கள். மழைக்காலம் முடிந்ததும் இங்கே பூ விழா நடக்கும். பூவால் செய்த விசிறிகளை இந்தக் கோயிலுக்கும், அருகிலுள்ள பக்தியார் காக்கி தர்காவுக்கும் ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். விழா இல்லாத நாளிலும் போகலாம். முற்றத்துத் தூண்களில் கல்லாய்ப் பார்த்த மணி, இங்கே ஒலிக்கும்.