பனிமூட்டத்தில் வெளிச்சம் கூடினால் பார்வை குறையும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், பி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகார் வந்தது. பேஸ்மென்ட் சரிவில் ஏறி வந்த ஒரு ஜீப்பின் கூடுதல் விளக்கு கண்ணில் அடித்து, நடந்து வந்த பெரியவர் ஒருவர் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஜீப் என்னுடையது இல்லை. ஆனால் மூன்று வருடங்களுக்கு முன்னால் என்றால் அது என்னுடையதாகவே இருந்திருக்கும். அதனால்தான் செயலாளர் கேட்டதும் பேச ஒப்புக்கொண்டேன்.

இப்போது நம் வளாகத்தில் ஃபோர் பை ஃபோர் வண்டிகள் கூடிவிட்டன. கோயம்புத்தூரில் இருக்கிறோம். சனிக்கிழமை விடிந்தால் வால்பாறை, கோத்தகிரி, ஊட்டி. மலைக்குப் போகிறவர்கள் முதலில் வாங்க நினைப்பது ஃபாக் லைட். கடையில் கேட்கும் முதல் கேள்வி, “எது ரொம்பப் பிரைட்டா இருக்கும்?” நானும் அதைத்தான் கேட்டேன். அந்தக் கேள்வியே தவறு என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜீப் வாங்கிய புதிதில், கூரையின் முன்விளிம்பில் நீளமான எல்இடி பார் ஒன்றை மாட்டினேன். நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தவர்கள்கூடப் பாராட்டினார்கள். ஆடி மாதம், குடும்பத்தோடு வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆழியாறில் ஏறத் தொடங்கி, கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கவர்க்கல் பக்கம் போகும்போது மாலை ஆறு மணி கடந்திருக்கும். சாரலும் பனிமூட்டமும் சேர்ந்து இறங்கிவிட்டன. ஹெட்லைட் போதவில்லை என்று கூரை விளக்கைப் போட்டேன்.

போட்ட நொடியில் சாலை காணாமல் போனது. கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. பதறி பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்ற பிறகுதான் தெரிந்தது, பம்பருக்கு முன்னால் ஓர் ஆள் நீளம்கூட இல்லாத தூரத்தில் மூன்று பெண்கள் நிற்கிறார்கள். தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியிருந்தார்கள், தோட்டத்து வேலை முடிந்து திரும்புகிறவர்கள். மூன்று பேரும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். அவர்களில் மூத்தவர் சொன்னார்: “கண்ணே தெரியல தம்பி. எந்தப் பக்கம் ஒதுங்கறதுன்னும் தெரியல.”

எனக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. இரண்டு தரப்பையும் குருடாக்கியது நான் காசு கொடுத்து வாங்கிய வெளிச்சம். பின்சீட்டில் இருந்த அம்மா வீடு திரும்பும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் அப்படி ஆனது? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது புகை நிறைந்த அறையின் விளக்கை அணையுங்கள். ஒரு டார்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். புகைதான் தெரியும், எதிர்ச்சுவர் தெரியாது. அதே டார்ச்சை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, தரையை ஒட்டி அடியுங்கள். தரை தெரியும், நாற்காலியின் கால் தெரியும். டார்ச் அதேதான், வெளிச்சமும் அதேதான். மாறியது இடம் மட்டும்.

பனிமூட்டம் என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். ஒவ்வொரு துளியும் தன்மேல் படும் ஒளியில் ஒரு பங்கை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புகிறது. விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், நாம் பார்க்கும் பாதை முழுவதும் ஒளிரும் துளிகளால் நிறைந்துவிடுகிறது. விளக்கு கண்ணிலிருந்து விலகிக் கீழே இருந்தால், ஒளிரும் அடுக்கு கீழேயே நிற்கும். நாம் அதற்கு மேலிருந்து பார்க்கலாம். எனவே ஃபாக் லைட்டுக்குத் தேவை மூன்று குணங்கள்: தாழ்வாக இருக்க வேண்டும், அகலமாக விரிய வேண்டும், மேல்விளிம்பு கத்தியால் வெட்டியது போல நிற்க வேண்டும். பிரகாசம் இவற்றுக்குப் பிறகுதான்.

கடைகளில் மூன்று வகை விளக்குகளையும் ஒரே அலமாரியில் வைத்து, எல்லாவற்றையும் ஃபாக் லைட் என்றே விற்கிறார்கள். முதல் வகை டிரைவிங் லேம்ப். ஒளியைக் குறுக்கிக் குவித்துத் தூரத்துக்கு அனுப்பும். தெளிவான இரவில், ஆளில்லாத பாதையில், ஹை பீமுக்குத் துணை. பனியில் ஹை பீம் செய்யும் அதே கெடுதலை இதுவும் செய்யும். இரண்டாவது, லைட் பாரும் சிறு சதுர ஒர்க் லைட்டும். முகாம் போடவும், சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கவும் உதவும். எல்லாப் பக்கமும் சிதறும். மூன்றாவதுதான் உண்மையான ஃபாக் லைட்.

எப்படி அடையாளம் காண்பது? பெட்டியை நம்பாதீர்கள், லென்ஸைப் பாருங்கள். ஐரோப்பிய ஒழுங்குமுறைப்படி சோதிக்கப்பட்ட விளக்கில், வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பதிந்திருக்கும். பக்கத்தில் ‘பி’ அல்லது ‘எஃப்3’ என்று இருந்தால் அது முன்புற ஃபாக் லைட். அமெரிக்கத் தரத்தில் வந்தவற்றில் ‘எஸ்ஏஇ’ என்பதோடு ‘எஃப்’ என்ற எழுத்து இருக்கும். ‘எஸ்ஏஇ’யோடு ‘ஒய்’ இருந்தால் அது டிரைவிங் லேம்ப். எந்தக் குறியும் இல்லையா? கடைக்காரரிடம் ஒரு பேட்டரியில் இணைத்து எதிர்ச்சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மேல்விளிம்பு நேர்கோடாக வெட்டுப்பட்டு, அதற்கு மேல் இருட்டாக இருக்க வேண்டும். வட்டமாக, பூசணிக்காய் மாதிரி ஒளி விழுந்தால் அது ஃபாக் லைட் இல்லை.

அடுத்து நிறம். மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரியில்லை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் மஞ்சளையும் வெள்ளையையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. பிரான்சில் 1930களின் இறுதியிலிருந்து 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட் கட்டாயமாக இருந்தது, பிறகு கைவிட்டுவிட்டார்கள். ஆனாலும் நான் மஞ்சளைத்தான் மாட்டியிருக்கிறேன். நீலம் கலந்த வெள்ளையைவிட அது கண்ணுக்குக் கூச்சம் குறைவு. செம்மண் புழுதியில் முன்னால் போகும் ஜீப்பைத் தொடரும்போதும் எனக்கு அதுவே இதமாக இருக்கிறது. வாங்கும்போது 3000 கெல்வின் பக்கம் இருப்பதைக் கேளுங்கள், 6000 கெல்வின் என்றால் நீலச்சாயல் தூக்கலாக இருக்கும். வெள்ளைதான் கிடைத்தது என்றாலும் மேல்விளிம்பு சரியாக இருந்தால் கவலை வேண்டாம்.

ஹாலஜனா, எல்இடியா? 55 வாட் ஹாலஜன் ஒரு ஜோடி நிதானமான வேலைக்குப் போதும். எல்இடி மின்சாரம் குறைவாக எடுக்கும், அதிர்வைத் தாங்கும். ஆனால் ஹாலஜனுக்கென்று செய்த கூட்டுக்குள் எல்இடி பல்பை மட்டும் மாற்றிப் போடாதீர்கள். அந்தக் கூட்டின் பிரதிபலிப்பான், இழை இருக்கும் புள்ளியைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளி வேறு இடத்திலிருந்து கிளம்பினால் மேல்விளிம்பு சிதறி, எதிரே வருபவர் கண்ணில் ஏறும். மாற்றினால் முழு விளக்கையும் மாற்றுங்கள்.

ஓடையில் இறங்கும் பழக்கம் இருந்தால் ஐபி67 அல்லது அதற்கு மேல் பாருங்கள். முதல் எண் 6 என்றால் தூசி புகாது. அடுத்த எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஹாலஜனாக இருந்தால் தண்ணீரில் இறங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பே அணைத்துவிடுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும்.

மாட்டும் இடத்தில் ஒரு சமரசம் தேவை. பனிக்கு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கல்லும் வேரும் இருக்கும் பாதைக்கோ தாழ்வாக இருப்பது ஆபத்து. அதனால் பம்பருக்கு அடியில் தொங்கவிடாமல், பம்பரின் குழிக்குள் அல்லது அதன் மட்டத்தில் வையுங்கள். தாங்கி தடித்த இரும்பாக இருக்கட்டும். மெல்லிய தகடு மேட்டுப் பாதையில் ஆடி, நீங்கள் வைத்த குறியையே மாற்றிவிடும். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியையும் மறைக்காதீர்கள்.

வயரிங்கில் மட்டும் காசைச் சேமிக்காதீர்கள். 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்கு மேல். இதை நேராக ஒரு சிறு சுவிட்ச் வழியாக ஓட்டினால் சுவிட்ச் உருகும். பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு மிக அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், பிறகு ரிலே. டாஷ்போர்டு சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்க வேண்டும். ஃபியூஸ் ஏன் பேட்டரிக்கு அருகில்? வழியில் எங்கே வயர் உரசித் தேய்ந்து பாடியைத் தொட்டாலும், தீப்பிடிப்பதற்கு முன் ஃபியூஸ் போக வேண்டும். ஃபியூஸ் அந்தப் பக்கம் இருந்தால், அதற்கு முந்தைய வயருக்குக் காவல் இல்லை. கம்பெனி வயரை வெட்டி டேப் சுற்றி இணைக்கும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள், வாரன்டியும் கேள்விக்குள்ளாகும். நம் வண்டிகள் நிற்பது பேஸ்மென்ட்டில், ஒன்றையொன்று உரசும் நெருக்கத்தில். ஒரு வண்டியின் வயர் கோளாறு அந்த வண்டியோடு நிற்காது.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 106ஆம் விதி, முன்விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்கக்கூடாது என்பது அதன் அளவுகோல். 1.5 மீட்டர் என்பது ஏறக்குறைய நடந்து வருகிறவரின் கண் உயரம். கவர்க்கல்லில் நின்ற அந்த அம்மாவின் கண் உயரமும் அதுதான். ஸ்பாட் லைட்டை முன்புறம் பொருத்துவதை 111ஆம் விதி தடுக்கிறது, விசேஷச் சூழ்நிலையில் பதிவு அதிகாரியின் அனுமதியோடு மட்டுமே முடியும்.

இனி குறி வைப்பது. சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு டேப். ஒளியின் மேல்விளிம்பு இந்தக் கீழ் டேப்பைத் தொட வேண்டும். விளக்கு 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 25 அடிக்கு 10 சென்டிமீட்டர் வீதம் இறங்கி, 150 அடியில் தரையைத் தொடும். பனியில் அதற்கு அப்பால் எப்படியும் தெரியாது. வழக்கமாக ஏற்றும் ஆட்களும் சாமான்களும் வண்டியில் இருக்கும்போது இதைச் செய்யுங்கள். பின்பாரம் ஏறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும்.

எவ்வளவு நல்ல விளக்கானாலும் ஒரு கணக்கை மாற்றாது. மணிக்கு 40 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. நாம் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 17 மீட்டர் போய்விடும். ஈரச்சாலையில் வண்டி நிற்க இன்னும் ஏறக்குறைய 15 மீட்டர். மொத்தம் 32. கண்ணுக்குத் தெரிவது 15 மீட்டர்தான் என்றால் மணிக்கு 20க்கு மேல் போகக்கூடாது. அடர்ந்த பனியில் லோ பீமும் ஃபாக் லைட்டும் போதும். நான்கு இண்டிகேட்டரையும் மின்ன விட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். நின்றிருக்கிறீர்களா, போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது, நீங்கள் திரும்பும் பக்கமும் தெரியாது. ஒன்றுமே தெரியவில்லை என்றால் சாலையை விட்டு முழுவதும் இறங்கி, பாதுகாப்பான இடம் பார்த்து நின்றுவிடுங்கள். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பனி நகர்ந்துவிடும்.

என் கூரை பாரை இப்போது கழற்றிவிட்டேன். பம்பரில் ஒரு ஜோடி மஞ்சள் விளக்கு மட்டும் இருக்கிறது. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் யாரும் பாராட்டமாட்டார்கள். ஆனால் போன ஆடியில் அதே கவர்க்கல்லில், சாலையோரம் நடந்து வந்தவர்களின் செருப்பு எனக்கு முதலில் தெரிந்தது. வேகத்தைக் குறைத்தேன். அவர்கள் கண்ணை மறைக்காமல், என்னைப் பார்த்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள்.

நம் வளாகத்துக்காக ஒரு வேண்டுகோள். கேட்டுக்குள் நுழைந்ததும் கூடுதல் விளக்குகள் அணைந்திருக்கட்டும். பேஸ்மென்ட் சரிவில் மேலே ஏறும்போது வண்டியின் மூக்கு தூக்கியிருக்கும். சரியாகக் குறி வைத்த விளக்கும் அங்கே எதிரில் வருபவரின் கண்ணில்தான் அடிக்கும். அடுத்த சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு விருந்தினர் பார்க்கிங் சுவரில் டேப் ஒட்டி வைத்திருப்பேன். கார், ஜீப், ஸ்கூட்டர் எதுவானாலும் கொண்டு வாருங்கள். ஒரு ஸ்குரூடிரைவரும் பத்து நிமிடமும் போதும். புகார் கொடுத்த பெரியவரையும் அழைத்திருக்கிறேன். சுவருக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் கண் கூசவில்லை என்று சொன்னால் உங்கள் விளக்கு சரி.