கரைவலைப் பாட்டும் பிரதேச சபையும்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில், கண்டக்குழியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“உள்ளூராட்சியும் நம் கலைகளும்” என்று பேச வேண்டும் எனச் சங்கத்தார் கேட்டபோது, அழைப்பிதழ் கொண்டு வந்த தம்பியே ஒரு கேள்வியையும் போட்டுவிட்டார். “அண்ணே, பிரதேச சபை குப்பை அள்ளும், தெருவிளக்குப் போடும். கூத்துக்கும் பாட்டுக்கும் அதற்கும் என்ன தொடுப்பு?” அந்தத் தெருவிளக்கிலேதான் தொடுப்பு இருக்கிறது என்று சொல்லவே இன்று வந்தோம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். கிராமச் சபைகள் 1981இல் மறைந்தன. பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் பிரதேச சபைகள் உண்டாயின. சுகாதாரமும் தெருக்களும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளும் மட்டுமன்றி, மக்களின் சௌகரியம், வசதி, நலம் ஆகியவற்றைக் காத்து வளர்ப்பதும் சபையின் கடமை என்று அச்சட்டம் தொடக்கத்திலேயே கூறுகிறது. ஓர் ஊரில் மனிதன் உண்டு உறங்கினால் மட்டும் போதுமா? அந்தி சாய்ந்தபின் நாலு பேர் கூடியிருக்க ஓர் இடமும், கூடினால் பாட ஒரு பாட்டும் வேண்டாமா? நலம் என்ற சொல்லுக்குள் இதுவும் அடங்கும் என்பது எம் கருத்து.

நம் மாவட்டத்து உடப்பை எடுத்துக்கொள்வோம். அங்கே திரௌபதி அம்மன் ஆலயத்தில் பதினெட்டு நாள் விழா நடக்கும், பாரதம் படிப்பார்கள், தீமிதிப்போடு நிறைவுறும். அதே ஊர்க் கடற்கரையில்தான் அம்பாப் பாட்டும் வளர்ந்தது. கரைவலையைத் தோணியில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்து விடுவார்கள். இரு முனைக் கயிறுகளையும் இரு வரிசையாக நின்று இழுப்பார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். பாட்டின் தாளத்திலே கால் பெயரும், கை இழுக்கும். தாளம் தவறினால் ஒரு பக்கம் முந்தும், மறு பக்கம் பிந்தும், வலை கோணும், மடியில் மீன் நில்லாது. ஆகவே அம்பா பொழுதுபோக்குப் பாட்டன்று. அது ஒரு தொழிற்கருவி.

பின்னர் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய உருளை வலையை இழுக்கத் தொடங்கியது. முப்பது பேர் இழுத்த வலைக்குச் சிலரே போதும். இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. இதை எண்ணி வருந்தும் பெரியவர்கள் இச்சபையில் இருக்கிறீர்கள். ஆனால் பாட்டைக் காப்பதற்காக நம் பிள்ளைகள் தோள் கன்ற இழுக்க வேண்டும் என்று நாம் கேட்கலாமா? கேட்க முடியாது. தொழிலை விட்டுப் பிரிந்த பாட்டுக்கு வேறோர் இருப்பிடம் தேடித் தர வேண்டும். அது எது? கரையும் திடலும்தான்.

அங்கேதான் சபை வருகிறது. மேற்கே கடலும் கிழக்கே களப்புமாக ஒடுங்கிக் கிடக்கும் இக் கற்பிட்டித் தீபகற்பத்தில், நிலத்துக்கு என்றைக்கும் நெருக்கம்தான். கச்சான் காற்று ஓய்ந்து கடல் இறங்கியதும் ஓங்கில் பார்க்கவென்று தூரதேசத்தார் வருகிறார்கள். கச்சான் வீசும் மாதங்களிலோ காற்றாடிச் சவாரிக்கு வருகிறார்கள். வரட்டும், அதனால் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. ஆனால் விடுதிகள் எழுந்த சில இடங்களில் கடற்கரைக்குச் செல்லும் ஒழுங்கைகள் அடைபட்டன என்று மீனவர்கள் முறையிட்டிருக்கிறார்கள். வேலி விழுந்த கரையில் வலையும் காயாது, பிள்ளைகளும் விளையாட மாட்டார்கள், அம்பா யார் வாயிலும் வராது. ஒழுங்கையைப் பொது ஒழுங்கையாகப் பதிந்து காப்பது சபையின் அதிகாரத்துக்குள் உள்ள வேலை. ஆயிரம் பொன்னாடைகளைவிட அந்த ஒரு வேலை கலைக்குப் பெரிது.

பணம் எங்கே என்பார்கள். சுற்றுலாச் சபையில் பதிவு பெற்ற விடுதிகளிடம், அவற்றின் ஆண்டு வரவில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படாத அனுமதிக் கட்டணம் வாங்கப் பிரதேச சபைக்குச் சட்டம் இடம் தருகிறது. 1946ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி களியாட்ட வரியும் உள்ளூராட்சி சபைகளுக்கே சேரும். கலையால் வரும் காசில் ஒரு சிறு பங்காவது கலைக்குத் திரும்பினால் யாருக்கு நட்டம்?

இனிக் கூத்தைப் பற்றி. நம் கரையோரத்துக் கூத்து எளிய பொருளன்று. சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் ஆடிய தமிழ்க் கூத்து மரபு சிங்கள நாடகத்துக்கும் வழிவிட்டது. அந்த மரபிலிருந்தே பேராசிரியர் சரச்சந்திர 1956இல் ‘மனமே’ நாடகத்தை எழுப்பினார். தமிழ்ப் பக்கத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைமையில் இருந்து, கிராமங்களுக்குப் போய் அண்ணாவிமாரைத் தேடிக் கௌரவித்தார். பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றினார். அவர் செய்தது பெருந்தொண்டு. எனினும் ஒன்றைக் கவனியுங்கள்: மேடைக்கு வந்த கூத்து மூன்று மணிக்கும் குறைந்தது. விடியவிடிய வட்டக்களரியில் ஆடிய கூத்துக்கு வேண்டியது பெரிய மண்டபமன்று; பழகுவதற்கு மாதக்கணக்கில் கிடைக்கும் ஒரு மணல்வெளி.

மண்டபம் என்றதும் யாழ்ப்பாணம் நினைவுக்கு வருகிறது. இந்திய அரசின் நன்கொடையில் அங்கே எழுந்த பெரிய கலாசார நிலையத்துக்கு 2015இல் அடிக்கல் நாட்டினார்கள். அது 2023 பெப்ரவரியில் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இப்போது திருவள்ளுவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அழகான கட்டடம், குறை கூறவில்லை. ஆனால் அத்தகைய கட்டடத்தைப் பராமரிக்கும் செலவு ஒரு மாநகர சபைக்கே பெருங்கேள்வியாக நின்றது. சிறிய பிரதேச சபை எங்கே போகும்? மின்கட்டணம் கட்ட முடியாமல் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தைவிட, விளக்குக் கம்பம் இரண்டும், குடிநீர்க் குழாய் ஒன்றும், தாய்மார்க்கு மலகூடமும் உள்ள திடல் மேல்.

ஒலிபெருக்கியையும் சொல்லாமல் விட முடியாது; இளைஞர்கள் கோபித்தாலும் சரி. மத்தளமும் சல்லரியும் போதுமென்று ஆடியவர்கள் நம் முன்னோர். நாலு திசைக்கும் கூம்பு கட்டி, நோயாளியையும் படிக்கும் பிள்ளையையும் உறங்கவிடாமல் அலறுவதற்குப் பெயர் கலையன்று. இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையே ஒலிபெருக்கி கூடாதென்று உயர் நீதிமன்றம் 2007இல் கட்டளையிட்டது. கோயில் விழாவுக்கு விலக்குக் கேட்பதற்கு முன்னே, நாமே சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேட்டால் நம் சொல்லுக்கு மதிப்புண்டு. இங்கே நம் அயலில் முஸ்லிம் மக்கள், கத்தோலிக்கர், சிங்கள மக்கள், 1990இல் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வந்து சேர்ந்த குடும்பங்கள் எல்லாரும் இருக்கிறார்கள். திடல் கேட்கும்போது அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்போம். அவர்கள் பந்து விளையாடும் மாலையும் நாம் கூத்துப் பழகும் இரவும் ஒரே மணலில் நடக்கலாம்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6இல் தேர்தல் நடக்கும்வரை, இரண்டு ஆண்டுக்கு மேலாக நம் குறையைச் சொல்ல உறுப்பினரே இல்லாதிருந்தது. இப்போது இருக்கிறார்கள். வருகிற ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை இவ்வாண்டு முடியுமுன் சபை நிறைவேற்ற வேண்டும். ஆகவே நமக்கு இருப்பது சில மாதங்களே. மனுவில் மூன்று காரியங்களை எழுதியிருக்கிறோம்: கடற்கரை ஒழுங்கைகளை அளந்து பதிவது, திடலுக்கு விளக்கும் நீரும், அம்பாவும் கூத்தும் அறிந்த முதியவர்கள் பாட நம் பிள்ளைகள் கேட்டெழுதும் நோட்டுப் புத்தகங்களை வைக்கச் சபை நூலகத்தில் ஓர் அலுமாரி. மூன்றாவதற்குச் சபையின் காசு அதிகம் வேண்டாம். நம் பிள்ளைகளின் மாலை நேரமே வேண்டும். பாடத் தெரிந்த ஐயாமார் பலருக்கு எழுபது கடந்துவிட்டது.

மனுத்தாள் வாசலண்டை மேசையில் இருக்கிறது. எழுதத் தெரியாத பெரியவர்கள் கைநாட்டு வைக்கலாம், மையும் வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போகுமுன் ஒரு முறை அந்தப் பக்கமாக நடந்து போங்கள்.