மீன் வாங்குமுன் வாங்க வேண்டியவை

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு மீன் வளர்ப்பு புதிதன்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு துண்டை இருவர் இரு முனையில் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கி, அகப்பட்ட பொடிமீன்களை ஜாம் போத்தலில் விட்டு, லயத்து வாசலில் வைத்து அழகு பார்த்தவர்கள்தாம் நாம். சண்டை மீனை ஒரு போத்தலிலும் அதன் எதிரியை இன்னொரு போத்தலிலும் விட்டு, இடையில் ஓர் அட்டையை வைத்து, அந்த அட்டையை எடுத்தெடுத்து வேடிக்கை பார்த்ததும் பலருக்கு நினைவிருக்கும். பொடிமீன் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ செத்து மிதக்கும். நாம் அதற்காக வருந்தியதில்லை. ஓடை பக்கத்தில் இருந்தது. மீனுக்குக் காசு கொடுக்கவும் இல்லை.

இன்று அப்படியில்லை. பட்டணத்துக் கடையிலும் பசார் மாலாமிலும் பிளாஸ்டிக் பையில் வண்ண மீன் தொங்குகிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள். நாமும் சம்பள நாளன்று வாங்கிக் கொடுக்கிறோம்.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்லுகிறோம். எங்கள் இளைய மகள் உண்டியலில் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று, இரண்டு தங்க மீன், ஒரு பை சிவப்புக் கல், பிளாஸ்டிக் பாலம் ஒன்று, எல்லாம் வாங்கினோம். கடைக்காரர், "நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள், அது போதும்" என்றார். அப்படியே செய்தோம். நான்காம் நாள் காலையில் ஒரு மீன் மிதந்தது. ஐந்தாம் நாள் மற்றதும் மிதந்தது. "அப்பா, நான்தான் சாப்பாடு கூடப் போட்டுட்டேனா?" என்று கேட்டாள் பிள்ளை. அவள் மேல் தவறில்லை. வாங்கிக் கொடுத்த எங்கள் மேல்தான் தவறு. மீன் எதில் வாழ்கிறது என்று அறியாமலேயே மீனை வாங்கிவிட்டோம்.

மீன் கழிக்கும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனி அழுகுவதிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு நீரில் சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட் ஆக்குகின்றன. அதுவும் நஞ்சே. வேறு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் ஆக்குகின்றன. இது அவ்வளவு கேடு செய்யாது. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். ஓடையில் இந்த வேலை தானாக நடந்தது. நாலு லிட்டர் பிடிக்கும் கிண்ணத்தில் அந்த நுண்ணுயிர்கள் இல்லை. நஞ்சு கலைந்து பரவ இடமும் இல்லை. ஆகவே மீன் தொட்டிக்கென்று நாம் வாங்கும் ஒவ்வொரு சாமானையும், 'இது தண்ணீரைக் காக்குமா?' என்ற ஒரே கேள்வி கேட்டுத்தான் வாங்க வேண்டும். பாலமும் சிப்பியும் வாய் பிளக்கும் முதலையும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லா.

முதலில் தொட்டி. சிறிய தொட்டியில் வளர்ப்பது எளிது என்று பலர் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. தண்ணீர் கூடக்கூட நஞ்சு மெல்லத்தான் ஏறும். நாம் ஒருநாள் கவனக்குறைவாக இருந்தாலும் மீன் பிழைக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள செவ்வகத் தொட்டி புதியவர்களுக்குப் பொருத்தம். மேலே இரண்டங்குலம் விட்டு நிரப்பினால் ஏறத்தாழ 45 லிட்டர் பிடிக்கும். கையில் இருக்கும் பணத்தில் பாதி இதற்கே போனாலும் வருந்த வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் பழைய தொட்டி சும்மா கிடந்தால் அதுவும் நல்லதே. வாங்கியதும் வீட்டுக்குள் கொண்டுபோகாமல், வாசலில் சமதளமான இடத்தில் வைத்து, நிரம்ப நீர் ஊற்றி ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். ஒழுகினால் அங்கேயே தெரிந்துவிடும். ஒட்டு விட்டிருந்தால் சிலிக்கான் பசையால் ஒட்டலாம். ஆனால் குளியலறைக்கென்று பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்து விற்கும் பசை ஆகாது. அந்த மருந்து மீனைக் கொல்லும்.

நீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்தால் இந்தத் தொட்டி 60 கிலோவுக்குக் குறையாது. ஒரு மூட்டை சிமெண்டு 50 கிலோதான். இந்தக் கனத்தைப் பிள்ளைகளின் படிப்பு மேசை தாங்குமா, யோசியுங்கள். இரும்புச் சட்டமோ, உறுதியான பலகை மேசையோ வேண்டும். பலகைத் தரை உள்ள பழைய வீடானால் நடு அறையில் வைக்காமல் சுவரோரம் வையுங்கள். பெட்டிகளுக்குள் வைத்து அனுப்புவார்களே, அந்த வெள்ளை நுரை அட்டையைத் தொட்டிக்கு அடியில் பரப்பினால், மேசையில் சிறு மேடு பள்ளம் இருந்தாலும் கண்ணாடி விரிசல் விடாது. காலை வெயில் விழும் சன்னலோரம் வேண்டாம். இரண்டே வாரத்தில் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகிவிடும். நீர் நிறைந்த தொட்டியை ஒருபோதும் தூக்கி நகர்த்தக் கூடாது.

அடுத்தது வடிகட்டி. கடையில் பல விதம் காட்டுவார்கள். நமக்கு ஏற்றது பஞ்சு வடிகட்டி. விலை குறைவு, கெட்டுப்போக அதில் எந்திரம் எதுவும் இல்லை. சிறு காற்றுப் பம்பிலிருந்து குழாய் வழியே காற்று வந்து குமிழியாய் மேலேறும்போது, தண்ணீரைப் பஞ்சின் வழியே இழுக்கிறது. மேலே சொன்ன நுண்ணுயிர்கள் குடியிருப்பது அந்தப் பஞ்சில்தான். ஆதலால் பஞ்சில் அழுக்கேறினால் குழாயடியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், தாய்மார்களே! தொட்டித் தண்ணீரையே வாளியில் கொஞ்சம் எடுத்து, அதில் நாலு முறை பிழிந்து திரும்ப வைத்தால் போதும். நம் பெண்களின் சுத்தம் இந்த ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும்.

காற்றுப் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால், மின்சாரம் நின்ற வேளையில் தொட்டி நீர் குழாய் வழியே இறங்கிப் பம்பையும் கெடுக்கும், தரையையும் நனைக்கும். இடமில்லாதவர்கள், தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் சிறு வால்வு ஒன்றைக் குழாயில் பொருத்தலாம், சில காசுதான். இன்னொன்று: இந்தப் பம்பு நம் வீட்டுக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. பக்கத்தில் கொசு மருந்து அடித்தால் அந்த மருந்தும் தண்ணீருக்குள் போகும். லயத்தில் கொசுப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால், பம்பை நிறுத்திவிட்டுத் தொட்டியை ஈரத் துணியால் மூடுங்கள். புகை கலைந்த பிறகு திறக்கலாம்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு, பக்கத்தில் தண்ணீர், அதில் கைவிடுவதோ பிள்ளை. பம்பும் விளக்கும் சிரிம் முத்திரை உள்ளனவாக இருக்கட்டும். வயரைப் பிளக்குக்குக் கொண்டுபோகும்போது, பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி ஒரு வளைவு விடுங்கள். வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தண்ணீருக்குள் கை வைக்குமுன் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்க வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்குங்கள். செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மூன்று வாட் பம்பு இரவு பகலாக மாதம் முழுதும் ஓடினால் ஏறத்தாழ இரண்டு யூனிட்டு. எட்டு வாட் எல்.இ.டி. விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் இன்னும் இரண்டு யூனிட்டு. அவ்வளவுதான். விளக்கு இல்லாமலும் மீன் வாழும். அது நம் கண்ணுக்கும் செடிக்கும்தான்.

சூடேற்றும் கருவி ஒன்றும் காட்டுவார்கள். குளிர்நாட்டார்க்கு அது இன்றியமையாதது. நம் நாட்டுத் தாழ்நிலத்தில் தண்ணீர் இயல்பாகவே 26 முதல் 30 டிகிரி வரை இருக்கிறது. அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் நேயர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே இரவில் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவதால், வெப்ப மீன்களுக்கு 50 வாட் கருவி ஒன்று வேண்டியிருக்கும். அல்லது குளிரைப் பொறுக்கும் வைட் கிளவுட் என்னும் சிறு மீனை வளர்க்கலாம். கருவியே தேவையில்லை.

அடியில் போடுவதற்கு ஆற்றுக் கூழாங்கல் போதும். நன்றாகக் கழுவிப் போடுங்கள். ஒரு கல்லின் மேல் சிறிது வினிகர் விட்டு, நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். ஈப்போ வட்டாரத்துப் பளிங்குச் சல்லியும் கடற்கரைச் சிப்பியும் அந்த வகைதான். அவை நீரைக் கடினமாக்கும். கப்பி மீன் அதைப் பொருட்படுத்தாது. நம் காட்டோடை மீன்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

பிறகு இரண்டு வாளி, ஒரு கைவலை, அழுக்கை உறிஞ்சி வெளியேற்ற நாலடி பிளாஸ்டிக் குழாய், தொட்டிக்கு ஒரு மூடி. மூடி இல்லாவிட்டால் மீன் வெளியே துள்ளும், பூனையும் வரும். வாளி இரண்டையும் மீனுக்கென்றே ஒதுக்குங்கள். தோட்டத்தில் மருந்து கலந்த வாளியை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்கவே கூடாது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் போய்விடும். சிங்கப்பூரில் கலப்பது குளோரமின். அது அப்படிப் போகாது, கடையில் விற்கும் ஆன்டி குளோரின் துளி விட வேண்டும். நாக தகரக் கூரையில் வழியும் மழைநீரும், களைக்கொல்லி அடித்த காட்டின் ஓடை நீரும் வேண்டாம். வாளியில் நீர் வைக்கும்போது மெல்லிய துணியால் வாயைக் கட்டி வையுங்கள். தொட்டியில் விழும் கொசுப்புழுவை மீன் தின்றுவிடும்; வாளியில் தின்பார் யாருமில்லை. ஒரு வாரம், பத்து நாளில் அது ஏடிஸ் கொசுவாகிப் பறக்கும். டிங்கிக் காய்ச்சல் கண்ட வீட்டாருக்கு அந்தத் துயரம் தெரியும். கொசுப்புழு வளரவிடுவது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குற்றமும் ஆகும்.

எல்லாம் பொருத்தி, தண்ணீர் நிரப்பி, பம்பு ஓடுகிறது. இப்போது மீன் வாங்கலாமா? கூடாது. பஞ்சில் நுண்ணுயிர்கள் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வந்தால் அவை பெருகும். வெறும் தண்ணீருக்குத் தீனி போடுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதே பக்கத்து வீட்டில் நெடுநாள் ஓடும் நல்ல தொட்டி இருந்தால், அவர்களுடைய பழைய பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து நம் பஞ்சுடன் வையுங்கள். காத்திருக்கும் காலம் குறையும். கடைச் சாமான் எதுவும் இதற்கு ஈடாகாது; காசும் இல்லை.

பிறகு நாலைந்து மீன் மட்டும் விடுங்கள். கப்பி நல்லது. நம் தீபகற்பத்துச் சதுப்பு நீரிலேயே பிறக்கும் ஹார்லிகுவின் ரஸ்போராவும் அழகு. ஒரு மாதம் சென்றபின் பத்துப் பன்னிரண்டு வரை சேர்க்கலாம். தங்க மீன் பெரிதாக வளர்ந்து நிறையக் கழிக்கும். இந்த அளவுத் தொட்டி அதற்குப் போதாது. பாசி தின்னும் என்று பண்டாராயா மீனைத் தலையில் கட்டுவார்கள். விரல் நீளத்தில் வாங்கும் அது ஒன்றரையடி வளரும். வைத்துக்கொள்ள முடியாமல் பலர் ஆற்றில் விட்டதனால் கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் அது பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் மகளுக்கு இரண்டாம் முறை வாங்கியபோது தொட்டி, பஞ்சு, பம்பு, வாளி என்று இந்த வரிசையில்தான் வாங்கினோம். பாலத்தை அவள் மறக்கவில்லை. பழைய கிண்ணத்திலிருந்ததை எடுத்து மூலையில் வைத்தாள். ஐந்து வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாட்காட்டியில் தேதிகளை அடித்துக்கொண்டே வந்தவள், ஒரு சனிக்கிழமை காலையில் எங்களுக்கு முன்னே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.