உடம்பு அறிந்ததை எழுதுதல்

சொல் பிறக்கும் முன்பே எழுதுபவரின் உடம்பில் ஏதோ அசைந்துவிடுகிறது. தொண்டை அடைக்கும், தோள் கனக்கும், வயிறு கலங்கும். அந்த அசைவைக் கவனித்து, அதற்குப் பொருந்தும் சொல்லைத் தேடி எழுதுவதே உடல்வழி எழுத்து.

சொல்லாகத் திரளாத இந்த உடலறிவைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் தத்துவ அறிஞர் யூஜின் ஜெண்ட்லின். அதை எழுத்து வகுப்புக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த பேராசிரியர் சோண்ட்ரா பெர்ல். எழுதத் திணறும் கல்லூரி மாணவர் 5 பேரை, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் செய்து அவர் கவனித்தார். 1979இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது இது: அவர்களிடம் சொல்வதற்கு விஷயம் இருந்தது. ஆனால் சில சொற்களுக்கு ஒருமுறை நின்று எழுத்துப்பிழை திருத்தியதில் நினைவின் இழை அறுந்துபோனது.

நம் வகுப்பறைகளிலும் பிள்ளைகளிடம் சொல்ல விஷயம் இருக்கிறது; ஆனால் எழுத்தில் வருவது மனப்பாடம் செய்த வரிதான். ‘மழை நாள்’ என்று தலைப்புக் கொடுத்தால், மயிலை நேரில் பார்த்தே இராத பிள்ளையும் தோகை விரித்தாடும் மயிலை எழுதிவிடும். முதலில் ஐந்து நிமிடம் எழுதாமல் இருக்கவிட்டு, கடைசியாக நனைந்தபோது உடம்பில் எந்த இடம் முதலில் குளிர்ந்தது என்று கேட்டால், விடை வேறாகிறது. ஈரச் சீருடை தொடையில் ஒட்டியதும், புத்தகப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடியதும், சேற்றில் செருப்பு வார் அறுந்ததும் வருகின்றன. அதன்பின் பத்து நிமிடம் திருத்தாமல், நிறுத்தாமல் எழுதவேண்டும். எழுதியதை வாய்விட்டுப் படித்து, ‘நான் சொல்ல வந்தது இதுதானா?’ என்று உடம்பையே கேட்கவேண்டும். பொய்யான வரியில் நாக்கு தயங்கும். ஒற்றுப்பிழை திருத்துவது கடைசியில்தான்.

இது கதை, கவிதைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உளவியலாளர் ரோஸ்மேரி ஆண்டர்சன் 2001இல் ஆய்வுக் கட்டுரைகளுக்கே இம்முறையைப் பரிந்துரைத்தார். வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட் திருகைப் பிடித்த விரல் நடுங்கி, ஒரு சொட்டு கூடுதலாக விழுந்து, கரைசல் அடர் இளஞ்சிவப்பானதை எழுதும் மாணவர், பிழை எங்கே நேர்ந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்.

‘சில்லென்ற’, ‘கமகமவென்ற’ என அடைமொழிகளைத் தூவுவது உடல்வழி எழுத்தாகாது. அதுவும் மனப்பாட மயிலின் இன்னொரு வடிவமே. அடி வாங்கியதையும் இழவு வீட்டையும் எழுதச் சொல்லிப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. எதை எழுதுவது, எதை வகுப்பில் படிக்காமல் மடித்து வைப்பது என்பது மாணவரின் விருப்பம். இந்த முதல் வரைவுக்கு மதிப்பெண் போடாத ஆசிரியரிடமே அவர்கள் துணிந்து எழுதுவார்கள்.