துரைக்குத் தோட்டம் தெரியுமா?

(மடவளையில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



திறமையற்ற நிர்வாகியை எப்படி அடையாளம் காண்பது? காரியாலயத்தில் தேடவேண்டாம், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வாருங்கள். வாரத்துக்கொரு முறை எடுக்கவேண்டிய கொழுந்து பதினைந்து நாள் நின்றால் முற்றிப்போகும். முற்றிய இலைக்கு விலை ஏது? உடனே துரை, "தொழிலாளி சோம்பேறி" என்பார். சுற்றுத் தவறியது எவரால், புல் மண்டியது எவரால் என்று கேட்டால் வாய் திறவார். மலைக்கு ஏறாதவர், கணக்கப்பிள்ளை சொல்வதே அவருக்கு வேதம்!

இதே கண்டிச் சீமையில், 1867இல், லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் ஜேம்ஸ் டெய்லர். பங்களாத் தாழ்வாரத்தில் இலையை உருட்டிப் பழகினார். 1892இல் இறக்கும்வரை அத்தோட்டத்தை விட்டகலவில்லை. வெள்ளைக்காரர் என்பதற்காக நான் புகழவில்லை. அவர் காலத்துக் கூலியின் கண்ணீரை நாம் மறந்தோமில்லை. தொழில் தெரிந்தவர் என்பதற்காகவே சொல்கிறேன்.

1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் போயிற்று. கண்டி, மாத்தளைப் பக்கத்தில் பல தோட்டங்கள் அரசிடமே எஞ்சின. அங்கே நடந்ததென்ன? சேமலாப நிதிக்கென்று தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழித்தார்கள். தம் பங்கு 12ஐயும் சேர்த்துக் கட்டவேண்டியவர்கள், ஆண்டுக்கணக்கில் கட்டாமல் விட்டார்கள். கேட்டால் நட்டமாம்! கொழுந்து பறித்தவளின் முதுமைப் பணத்திலா அந்த நட்டத்தை ஈடுசெய்வது?

இனிப் புதிய துரை வந்தால், மாலையைப் பிறகு போடுங்கள். சேமலாப நிதிக் கணக்கை முதலில் கேளுங்கள்.