சேவாக்கிராமத்தில் கைத்தொழிற் கல்வி



மகாராட்டிர மாநிலத்தில் வார்தா நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தொலைவில் ஒரு சிறு கிராமம் உள்ளது. 1936ஆம் ஆண்டில் காந்தியடிகள் அங்குக் குடியேறியபோது அதன் பெயர் சேகாவ்ன். வெயில் கொடியது, நோயும் வறுமையும் மிகுதி. 1940ஆம் ஆண்டில் அது சேவாக்கிராமம் எனப் பெயர் பெற்றது. சிற்றூர் மக்களுக்கு வாழ்க்கைக்கு வேண்டிய தொழிலையும் அறிவையும் ஒன்றாகக் கற்பிக்க இயலுமா என்பதைச் சோதித்துப் பார்த்த இடம் அதுவே.

இன்று அங்குச் செல்வோர் மரங்களின் நிழலிலே தாழ்ந்த ஓட்டுக் கூரை வேய்ந்த மண் குடில்களைக் காண்பர். சுற்றுவட்டாரத்திற் கிடைத்த மண்ணும் மரமும் மூங்கிலும் கொண்டு, அவ்வூர்த் தொழிலாளர் அறிந்த முறையிலேயே அவை கட்டப்பட்டன. அடிகள் வாழ்ந்த குடிலின் மண் சுவரில் மீராபென் அம்மையார் பனைமரங்களையும் இராட்டையையும் புடைப்பாக வடித்துள்ளார். பனையை அறிந்த நம் நாட்டவர் கண்ணுக்கு அச்சுவர் அந்நியமாகத் தோன்றாது.

சேவாக்கிராமத்தோடு நமக்குள்ள உறவு அதனினும் நெருங்கியது. 1937ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வார்தாவிற் கூடிய கல்வி மாநாடு, ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியிற் போதனை, ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்ட பாடமுறை ஆகியவற்றை ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் இந்தியாவின் குடியரசுத் தலைவரான சாகிர் உசேன் அதற்குரிய பாடத்திட்டத்தை வகுத்த குழுவின் தலைவராயிருந்தார். அடுத்த ஆண்டு இப்பணிக்கென அமைந்த இந்துத்தானி தாலிமி சங்கத்தின் செயலாளர் யாழ்ப்பாணத் தமிழராகிய ஆரியநாயகம் ஆவார். இரவீந்திரநாத தாகூரிடம் சாந்திநிகேதனத்திற் பணிபுரிந்த அவரும், அவர் மனைவியாராகிய ஆசாதேவி என்னும் வங்கப் பெருமாட்டியும், சேவாக்கிராமத்தையே தம் வாழ்விடமாக்கிக் கொண்டனர்.

அங்கே பாடம் நடந்த விதம் யாது? பிள்ளை தக்களியால் நூல் நூற்கும். தான் நூற்ற இழையை எண்ணி அளந்து கணக்கைக் கற்கும். பருத்தி எந்த மண்ணில் விளைகின்றது, எவ்வளவு மழை வேண்டும் என்று வினவும்போது புவியியல் வந்துவிடும். இந்திய நெசவு எவ்வாறு நலிந்தது என்பது வரலாறு. தோட்டமும் சமையலறையும் உடல்நலப் பாடசாலைகள். மலசல கூடத்தைத் துப்புரவாக்குதலும் கழிவை எருவாக்குதலும் முதற் பாடங்களுள் அடங்கின. 1944ஆம் ஆண்டிற் சிறையினின்று விடுதலையான பின், இக்கல்வி சிறுவர்க்கு மாத்திரமன்று, தாய் வயிற்றிலிருந்து முதுமை வரைக்கும் உரியது என அடிகள் விரித்துரைத்தார். ஆதலால் கிராமத்துப் பெரியோரும் மாணவராயினர்.

வார்தாவிலேயே மகன்வாடியில், 1934ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரிற் பிறந்த ஜே. சி. குமரப்பா. இலண்டனிற் கணக்காய்வும் அமெரிக்காவிற் பொருளியலும் கற்ற அப்பெரியார், செக்கில் எண்ணெய் ஆட்டுதல், கையாற் காகிதஞ் செய்தல், தேனீ வளர்த்தல், பனைவெல்லங் காய்ச்சுதல் முதலியவற்றை ஆராய்ந்து பயிற்றுவித்தார். நிலக்கரியும் மண்ணெண்ணெயும் எடுக்க எடுக்கக் குறையும் சேமிப்பு. மரமும் பயிரும் ஆண்டுதோறும் திரும்ப வரும் வருவாய். சேமிப்பைத் தின்பவன் பிறரோடு பூசலிட நேரும். வருவாய்க்குள் வாழ்பவன் நிலைத்து வாழ்வான். சிறையிருந்து அவர் எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' என்னும் நூலின் சாரம் இதுவே. இன்று உலகெங்கும் பேசப்படும் ஒரு கருத்தை அவர் 1945ஆம் ஆண்டளவிலேயே எடுத்துரைத்தார்.

இத்துணைச் சிறந்த முறை ஏன் நாடெங்கும் வேரூன்றவில்லை? ஆசிரியர் சம்பளத்தைப் பிள்ளைகளின் உற்பத்தியாலே ஈட்டலாம் என்ற எண்ணம் சிறுவரைக் கூலியாளராக்கிவிடும் எனச் சிலர் தொடக்கத்திலேயே அஞ்சினர். அதனினும் பெரிய காரணம் வேறொன்றுண்டு. கிராமத்துப் பிள்ளைக்கு இராட்டை, நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் என்ற வேற்றுமை நீடித்தவரை, ஏழைப் பெற்றோர் அக்கல்வியை ஐயுற்றதில் வியப்பில்லை. 1953ஆம் ஆண்டிற் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த அரைநாட் பாடசாலைத் திட்டத்தை மக்கள் குலக்கல்வி என்றே எதிர்த்தனர். 1954ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது. தந்தை தொழிலை மகன் தலையிற் கட்டுவது வேறு. எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் எல்லாத் தொழிலையும், துப்புரவுப் பணி உட்பட, ஒருங்கு செய்வது வேறு. சேவாக்கிராமம் நாடியது பின்னதையே. ஆயினும் அவ்வேறுபாட்டை மக்களுக்கு மெய்ப்பிக்க வேண்டுமாயின், செல்வர் வீட்டுப் பிள்ளையும் அதே பலகையில் அமர்ந்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் நிகழவில்லை.

நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களை வகுப்பறைக்குட் கொணர்ந்தது. 1977ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்திற்குப் பின் அம்முறை நீடிக்கவில்லை.

ஆரியநாயகம் 1967ஆம் ஆண்டில் மறைந்தார். அவருக்குப் பின் ஆசாதேவியும் மறைந்தார். அவர்களது பாடசாலையும் காலப்போக்கில் மூடப்பட்டது. எனினும் 2005ஆம் ஆண்டில் ஆனந்த நிகேதன் என்னும் பெயருடன் அங்கு மீண்டும் ஒரு பாடசாலை தோன்றியது. தோட்டமும் நூற்பும் சமையலும் அங்குப் பாடங்களாயின.

நேயர்களே, கைகள் கற்றால் அறிவு குன்றும் என்று எவரும் மெய்ப்பித்ததில்லை. ஆனால் அக்கல்வியை வறியவர் பிள்ளைக்கு மட்டும் ஒதுக்கினால் அது தண்டனையாகிவிடும். நம் பாடசாலைத் தோட்டத்து மண்வெட்டியை எந்தப் பிள்ளைகள் எடுக்கின்றனர், எந்தப் பிள்ளைகள் நிழலில் நின்று பார்க்கின்றனர் என்பதைக் கவனித்தாற் போதும். நாம் எவ்வளவு தூரம் வந்துள்ளோம் என்பது விளங்கும்.