வெள்ளாயணிக் காயலும் நம் தொண்டும்

பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலம் வந்த நம்மவர் நாலைந்து குடும்பமாய்ச் சேர்ந்துவிட்டால் முதலில் ஒரு சங்கம் தோன்றும். பின்னர்ப் பொங்கல் விழா. அதன்பின் ஒரு சிறு நூலகம். இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும், எந்த ஊரின் தண்ணீரைக் குடிக்கிறோமோ அந்த ஊருக்கு நாம் செய்வது யாது என்ற வினா பெரும்பாலும் எழுவதேயில்லை. திருவனந்தபுரத்தில் வாழும் எங்களுக்கு அவ்வினாவை எழுப்பியது வெள்ளாயணிக் காயல்.

நகரின் தென்பால் உள்ள இக்காயலைப் பெயர் கேட்டு உப்புநீர் என்று எண்ணிவிடலாகாது. சாஸ்தாம்கோட்டை, பூக்கோடு ஆகியவற்றைப் போல இதுவும் நன்னீர் ஏரி. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் தருவது. உணவுப் பற்றாக்குறைக் காலத்தில் இதன் நீரை இறைத்து வடித்து நெல் பயிரிட்டார்கள். பின்னர் அது நின்றது. கரையோரங்கள் சிறிது சிறிதாய் மேடாக, ஏரி தன் பழைய பரப்பை இழந்தது.

ஏரியை ஒட்டிப் புஞ்சக்கரி வயல்கள் உள்ளன. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இச்சொல் ஒரு வேடிக்கை. நமக்குப் புஞ்சை என்றால் வானம் பார்த்த நிலம். மலையாளத்தில் ‘புஞ்ச’ என்பதோ நீர் நிற்கும் தாழ்நிலத்து நெற்போகம்! இதற்கு ஈடாக இன்னொரு சொல் எங்களை மகிழ்விக்கிறது. நாம் ஈரநிலம் என்றும் சதுப்புநிலம் என்றும் தடுமாறுவதைக் கேரளத்தார் ‘தண்ணீர்த்தடம்’ என்கின்றனர். தடம் என்றால் பழந்தமிழில் குளமன்றோ? நெல்வயல்களையும் தண்ணீர்த்தடங்களையும் காக்க 2008-இல் இம்மாநிலம் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே அச்சொல் உண்டு.

எனினும் புஞ்சக்கரி ஒரு சரணாலயமன்று. வயல்கள் உழவர்க்கு உரியவை. அவர்கள் பயிரிடும்வரையே பறவைகளுக்கும் அங்கு இடம். உழவு கட்டுப்படியாகாமல் நிலம் தரிசாகிப் பின் மனையாகிவிட்டால், வடக்கே தொலைதூரத்திலிருந்து வரும் பொரி உள்ளானுக்குச் சொல்லியனுப்ப யாரால் இயலும்? ஆகவே கரைக்குச் செல்லும் தொண்டர் முதலில் பழக வேண்டியவர் உழவரே, பறவை பிறகு. வேடந்தாங்கல் உழவர் 1798-லேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் பறவைகளுக்குக் காப்பாணை பெற்றது, எச்சம் விழுந்த ஏரிநீர் பயிருக்கு உரம் என்பதை அறிந்ததனாலேயே.

1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பல நாடுகளிலும் இதைச் செய்வோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களே. குழுவாய்ச் செய்வதன் சிறப்பு இப்பணியில் நன்கு விளங்கும். ஒருவர் நோக்காடியில் கண்டு கூறுவார், ஒருவர் எழுதுவார், மற்றொருவர், முன்பு எண்ணிய கூட்டமே பறந்து வந்து வேறிடத்தில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். சீழ்க்கைச் சிறகிகள் பெருங்கூட்டமாய் எழும்பினால் ஒவ்வொன்றாய் எண்ணுதல் ஆகாது. முதலில் பத்தை எண்ணி, அப்பத்து வானில் அடைக்கும் இடத்தைக் கண்ணில் இருத்தி, கூட்டத்தில் அத்தகைய இடங்கள் எத்தனை என்று கணிக்க வேண்டும். வரவேண்டிய பறவை வராவிடில் அதுவும் ஒரு செய்தியே. பெயர் தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும். படித்தவர்களுக்கு இது எளிதில் கைவருவதில்லை!

இத்தகைய எளிய பதிவுகளின் பயன் சிறிதன்று. 1933-இல் சாலிம் அலி திருவிதாங்கூர்ப் பறவைகளை ஆராய்ந்தபோது அது ஓர் அறிஞரும் அவர்தம் உதவியாளரும் செய்த வேலை. 2015 முதல் 2020 வரை கேரளம் முழுமைக்கும் பறவை வரைபடத் தொகுப்பு உருவாக்கியவர்களோ ஆயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள். அவர்கள் திரட்டிய பதிவுகள் ஏறத்தாழ மூன்று லட்சம். பறவை வகைகள் 361.

கணக்கெடுப்பைவிடக் கடினமானது களை நீக்கம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரையை இங்கே குளவாழை என்பர். அதன் விதை சேற்றில் ஆண்டுக்கணக்காய் உயிரோடிருக்கும். எஞ்சிய ஒரு செடியும் கிளைத்துப் பரவும். பதாகை கட்டி, ஒரு நாள் இறங்கி, படம் பிடித்துக்கொண்டு போவதால் ஏரிக்கு யாதொரு பயனும் இல்லை என்பதே எங்கள் துணிபு. மாதந்தோறும் பத்துப் பேர் வருவது, ஒரு நாள் ஐந்நூறு பேர் வருவதினும் மேல். பறித்ததைக் கரையிலேயே குவித்தால் மழையில் மீண்டும் நீரில் சேரும். தள்ளிக் கொண்டுபோய் மக்கவைத்தால் தென்னைக்கு ஆகும். தாமரையையும் அல்லியையும் களையென்று வாரிவிடலாகாது. அவற்றின் இலைமீதுதான் இலைக்கோழி மழைக்காலத்தில் முட்டையிடுகிறது.

இங்கிருந்து தெற்கே சென்றால் சுசீந்திரம், தேரூர்க் குளங்கள். 1956 நவம்பர் முதல் நாள்வரை அவையும் வெள்ளாயணியும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. இன்று இடையே மாநில எல்லை உண்டு. நாரைகள் அதை அறியா. சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. வெள்ளாயணிக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

கல்கத்தாவிலுள்ள நேயர்களுக்குக் கீழைச் சதுப்பு நிலங்களும், பம்பாயிலுள்ளோர்க்குத் தாணாக் கழிமுகமும், டில்லியிலுள்ளோர்க்கு யமுனைக் கரையில் ஓக்லாவும் அண்மையில் உள்ளன. கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுப்போர் டிசம்பரிலேயே கொடுத்துவிடுவது நலம். விடியலில் புறப்பட வேண்டும். ஒரு குறிப்பேடு, பென்சில், குடிநீர், தொப்பி போதும். மை பனியில் கலையும். வெள்ளைச் சட்டை வேண்டா.